புதிதாகத் தேடுகிறவர்களுக்கான மெசின்

டிசெம்பர் 27, வெள்ளி

மா சரியாக வறுபடவில்லை. இடியப்பம் நூலாக வராமல் கட்டி கட்டியாக வந்தது. கடைக்காரர் முகத்தைச் சுழித்துக்கொண்டுதான் வாங்கினார். சுழிக்கட்டும்.

மத்தியானம் கனடாவில் இருந்து குலவீரசிங்கம் வந்தார். கடலோரத் தென்னங்காணி அவருடையது. எங்கள் மூத்தவள் அருவி அந்தக் காணிக்குள்தான் இருக்கிறாள். 2009இல் சனமெல்லாம் ஓடிக்கொண்டிருந்த நேரம் எறிகணைச் செல் விழுந்து போய்விட்டாள். நாலு வயது. நாங்கள் பதுங்கிய பங்கருக்குப் பக்கத்தில் புதைத்துவிட்டு நாங்களும் ஓடினோம். முகாமில் கிடந்தோம். திரும்பி வந்தபோது காணியைச் சுற்றிக் கண்ணிவெடிக் கயிறு கட்டியிருந்தது. கயிறு அவிழ்த்த பிறகு போய்ப் பார்த்தால் ஒரு தென்னை இல்லை, பங்கர் இல்லை, கிணற்றைக்கூட மூடி மட்டமாக்கியிருந்தார்கள். இந்த இடம்தான் என்று காட்ட ஒரு கல்லுக்கூட இல்லை. வருசா வருசம் காணியின் நடுவில் பூவைப் போட்டுவிட்டு வருவோம்.

குலவீரசிங்கம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் விசயத்தைச் சொன்னார். காணியில் இறால் குளம் வெட்டப் போகிறாராம். தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் மண் வெட்டுகிற பெக்கோ வருகிறது. அதற்கு முன்னம் பிள்ளையைப் பார்த்து எடுங்கோ, கடவுளாணை எனக்கும் மனம் கேட்கவில்லை என்றார். கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டியாவது இருப்பேன்.

பெக்கோவின் பல்லுக்குள் என் பிள்ளை போகக் கூடாது. எடுத்து எங்கள் ஊர்ச் சுடலையில் பேர் எழுதி வைக்க வேண்டும்.

பின்னேரம் அடுத்த வீட்டு ஸ்ரெலா அக்காவிடம் போய் அழுதேன். அவ கண்ணிவெடி எடுக்கிற வேலைக்குப் போகிறவ. முழுக்கக் கேட்டுவிட்டு, பிள்ளையின் உடம்பில் இரும்பு, பித்தளை, நகை ஏதாவது இருந்ததா என்று கேட்டா. இருந்தது. பிறந்து முப்பத்தோராம் நாள் கழுத்தில் போட்ட பஞ்சாயுதம். ஐந்து ஆயுதமும் பொறித்த பவுண் தகடு, சங்கிலியோடு. செத்த பிள்ளையின் உடம்பில் நகை விடக் கூடாதென்பது வழக்கம். நான்தான் கழற்ற விடவில்லை. சின்னவள் துளசிகா அப்போது கைக்குழந்தை, காய்ச்சல் வேறு. அவளை வைத்துக்கொண்டு பங்கருக்குள் இருந்து, கழுத்தில் கை வைக்க வேண்டாம் என்று வெளியில் நின்ற என் புருசனுக்குக் கத்திச் சொன்னேன். இவர்தான் கொண்டுபோய் வைத்தார்.

"அப்ப பயமில்லை. பவுண் மண்ணுக்குள்ளை பழுதாகாது. அது கூப்பிடும், நாங்கள் போவம்" என்று ஸ்ரெலா அக்கா சொன்னா. உலோகம் தேடுகிற மெசின் ஒன்று வாங்கச் சொன்னா.

வந்து இவருக்குச் சொன்னேன். வீட்டோடு இருக்கிற தன் சைக்கிள் திருத்துகிற கடையில் ஒரு சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே காற்று இறுகி நின்ற சில்லுக்குத் திரும்பவும் அடித்தார்.

டிசெம்பர் 28, சனி

துளசிகாவின் போனில் இரவு வரை மெசின் பார்த்தோம். உலகத்தில் இவ்வளவு மெசின் இருக்கிறதென்று நேற்று வரை எனக்குத் தெரியாது. பிள்ளை ஆங்கிலத்தில் வாசித்து எனக்குத் தமிழில் சொன்னாள். முதல் தரம் தேடுகிறவர்களுக்கு ஏற்றது, சுலபமானது, மலிவானது என்று எல்லாவற்றிலும் எழுதியிருக்கிறார்கள். காணொளியில் ஒரு வெள்ளைக்காரர் காற்சட்டையோடு கடற்கரையில் நடக்கிறார், கிண்டுகிறார், பழைய நாணயம் ஒன்றைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறார். எங்களுக்குப் பக்கத்தில் இப்படி ஒருவர் கடற்கரையில் கிண்டினால் என்னென்ன கேள்வி வருமென்று அவருக்கு யார் சொல்வது?

மெசினை வைத்திருக்கவே அனுமதி வேண்டுமாம். எலும்பு எடுக்கிறதென்றால் பொலிஸ், நீதிமன்றம். போகலாம். போனால் தவணை தவணையாக நானும் கிழவியாவேன். பெக்கோ அதுவரை காத்திராது.

டிசெம்பர் 29, ஞாயிறு

இவர் ஒவ்வொரு மெசினுக்கும் ஒரு குறை சொல்கிறார். ஒன்று பாரம். ஒன்று ஈர மண்ணுக்கு உதவாது. ஒன்றின் பெட்டியில் படம் சரியில்லையாம். இந்தத் தொழிலை இவர் எப்போது படித்தாரோ தெரியாது.

டிசெம்பர் 30, திங்கள்

ஸ்ரெலா அக்கா வேலை முடிந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வந்தா. அவவின் வேலைத்தல மெசினை ஒரு நாளைக்குத் தர முடியாதா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"வெளியிலை கொண்டுவர ஏலாது. கொண்டுவந்தாலும் உனக்கு உதவாது, சுகிர்தா. அது ஒரு ஊசிக்கும் கத்தும், அதுதான் அதின்ரை வேலை. அந்தக் காணி முழுக்கச் செல் துண்டு. உனக்கு வேண்டியது வாயை மூடத் தெரிஞ்ச மெசின்."

பிறகு விளக்கினா. இரும்பு என்றால் பேசாமல் இருக்க மெசினுக்குச் சொல்லி வைக்கலாமாம். அந்த வசதி கட்டாயம் வேண்டும். கீழே என்ன கிடக்கிறதென்று இலக்கத்தில் காட்டுகிற திரை வேண்டும். மண்ணுக்கு ஏற்றபடி தானாகச் சரிப்படுத்திக்கொள்ள வேண்டும், கடலோர உப்பு ஈரத்துக்கு மலிவான மெசின் சும்மா சும்மா புலம்பும். அடித்தட்டில் தண்ணீர் பட்டால் பழுதாகக் கூடாது. நாள் முழுக்கத் தூக்கினாலும் தோள் கழலக் கூடாது. இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம், பொத்தான் கூடக் கூடப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குத் தலைசுற்றுத்தான் மிச்சம் என்றா.

இவரும் பக்கத்தில் இருந்து கேட்டார். பவுண் இல்லாவிட்டால் இந்த மெசினால் பிள்ளையைக் காண முடியுமா என்று கேட்டார். இப்படியும் ஒரு கேள்வி.

ஜனவரி 2, வியாழன்

வவுனியாவில் கமரா விற்கிற ஒரு கடையில் மெசின் இருக்கிறதென்று ஸ்ரெலா அக்கா விசாரித்துச் சொன்னா. காலை பஸ்ஸில் இவர் போனார். இருட்டுப்பட வெறுங்கையோடு வந்தார். கடை பூட்டாம்.

கடைக்குப் போன் எடுத்தேன். காலையில் இருந்து திறந்துதான் இருக்கிறதென்றார்கள். இவர் வேறு கடைக்குப் போயிருப்பார். வவுனியாவில் எல்லாக் கடையும் ஒரே மாதிரித்தானே.

ஜனவரி 3, வெள்ளி

நானே போய் வாங்கி வந்துவிட்டேன்.

கடைப் பெடியன் மூன்று மெசின் எடுத்து மேசையில் வைத்தான். முதலாவது ஒரு பொத்தானும் ஒரு சிவப்பு வெளிச்சமும். என் மோதிரத்துக்கும் கத்தியது, மேசை ஆணிக்கும் அதே குரலில் கத்தியது. விளையாட்டுச் சாமான். மூன்றாவது பெரியது. திரை முழுக்க ஆங்கிலம், பட்டியலுக்குள் பட்டியல். பெடியனே எதையோ அமத்தி, பிறகு பழைய இடத்துக்கு வரத் தெரியாமல் முழித்தான். நடுவில் இருந்ததைத் தூக்கிப் பார்த்தேன். தண்ணீர்க் குடத்தைவிடப் பாரம் குறைவு. மேசை ஆணிக்கு மேலால் பிடித்தால் மௌனம். மோதிரத்தைக் காட்டினால் கூவுகிறது, திரையில் இலக்கம் வருகிறது. ஆணியையும் மோதிரத்தையும் சேர்த்து வைத்து நாலைந்து தரம் பார்த்தேன். காதுக்கு மாட்டுகிற வயரும் உண்டு.

"புதுசாத் தொடங்கிறவைக்கு இது காணும் அக்கா. புதையலோ?" என்று கேட்டுச் சிரித்தான்.

ஓம் என்றேன். விலையை இங்கே எழுதமாட்டேன், பிறகு வாசித்தாலும் வயிறெரியும். இரண்டாகப் பிரித்து அரிசிச் சாக்குக்குள் வைத்து, மேலே பொன்னாங்காணிக் கட்டு இரண்டைப் போட்டுக்கொண்டு வந்தேன். வழியில் ஒருவரும் மறிக்கவில்லை.

இவர் மெசினைப் பார்த்தார். நல்லது என்றார். சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

ஜனவரி 4, சனி

முற்றத்தில் பழகினேன். என் காதுத் தோட்டை மண்ணுக்குள் புதைத்து, கோழியைக் கலைத்துவிட்டு, மெசினை ஆட்டினேன். முதலில் உலக்கை மாதிரித் தூக்கித் தூக்கி வைத்தேன். ஸ்ரெலா அக்கா கையைப் பிடித்துக் காட்டினா. மண்ணில் முட்டாமல், மண்ணை விட்டு விலகாமல், முற்றம் கூட்டுவதுபோல இடமும் வலமும் ஆட்ட வேண்டும். அரை மணித்தியாலத்தில் பிடிபட்டுவிட்டது. முற்றம் கூட்டத் தெரியாதவர்களுக்குத்தான் இது கஷ்டம்.

தோடும் துளசிகாவின் சங்கிலியும் திரையில் நாற்பதுகளில் வருகின்றன. துப்பாக்கி ரவைக்கோது பித்தளை, அது எழுபதுக்கு மேல். செல் துண்டு இரும்பு, அதற்கு மெசின் வாய் திறக்காது. நாற்பதுகளை மட்டும் கிண்டு, மேலே போகிற இலக்கத்தைப் பார்த்தால் தாண்டிப் போ, கோது பொறுக்கப் போனால் அடுத்த பொங்கலும் வந்துவிடும் என்று ஸ்ரெலா அக்கா சொன்னா. ஒரு சாண் ஆழத்துக்குத்தான் மெசினுக்குக் கண் தெரியும். அதனால் பார்த்து முடித்த இடத்தில் மண்ணை ஒரு படை செதுக்கிவிட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும்.

அருவி, அம்மா வருகிறேன்.

ஜனவரி 6, திங்கள்

காணியில் முதல் நாள். இவர் மண்வெட்டி, நான் மெசின். கயிறு கட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரித்துக் கொண்டோம். பங்கர் எந்தப் பக்கம் என்று கேட்டால் இவர் ஒரு தரம் கிழக்கைக் காட்டுகிறார், ஒரு தரம் வேலியைக் காட்டுகிறார். எனக்கும் நினைவில்லை. எனக்கு நினைவில் இருப்பது பங்கரின் உட்பக்கம்தான்.

நாற்பத்திமூன்று என்று கூவியது. முழங்காலில் இருந்து விரலால் கிண்டினேன். வந்தது பால்மாப் பைத் துண்டு, உள்ளே வெள்ளியாக மினுங்குகிற கடதாசி.

ஜனவரி 7, செவ்வாய்

ஆறு தரம் கூவியது. ஆறும் அந்தக் கடதாசி. மருந்துக் குளிசை அட்டையும் ஒன்று.

பவுணுக்கும் இந்தக் கடதாசிக்கும் மெசினுக்கு வித்தியாசம் தெரியாதாம். விலை கூடிய மெசினுக்கும் தெரியாதாம், ஸ்ரெலா அக்கா விசாரித்துவிட்டா. கடதாசியை ஒதுக்கச் சொன்னால் பவுணையும் ஒதுக்கிவிடும். ஆகவே எல்லாவற்றையும் கிண்டத்தான் வேண்டும். கடைசி நேரம் அந்தக் காணியில் எத்தனை ஆயிரம் சனம் கிடந்தது. அத்தனை பேரும் குப்பையை மண்ணுக்குள்தானே தாட்டார்கள்.

ஜனவரி 8, புதன்

மழை. மெசின் மழை ஈரத்தில் காரணம் இல்லாமல் முனகுகிறது. அதன் கூர்மையைக் குறைத்து வைத்தேன். குறைத்தால் ஆழம் தெரியாது. கூட்டினால் புலம்பல். என்னதான் செய்வது?

ஜனவரி 9, வியாழன்

இன்று பவுண் கண்டேன். ஒரு காதுப்பூ. ஒற்றை. எங்களுடையது இல்லை, சிவப்புக் கல் வைத்தது. பக்கத்தில் கவனமாகக் கிண்டினோம், வேறொன்றும் இல்லை. யாரோ ஒருத்தி எங்கேயோ இருந்து மற்றக் காதுப்பூவை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள், அல்லது அவளே இல்லை. அதை ஒரு துணியில் சுற்றி ஸ்ரெலா அக்காவிடம் கொடுத்தேன், கோயிலில் போடச் சொல்லி.

திரும்பி வரும்போது இவர் போதும் என்றார். பெக்கோக்காரனிடம் மெதுவாக வெட்டச் சொல்வோமாம், நாங்கள் பக்கத்தில் நின்று பார்ப்போமாம். எனக்கு வந்த கோபத்தில் மண்வெட்டியைத் தூக்கி எறிந்தேன். பிள்ளை உங்களுக்கும்தானே பிள்ளை என்று கேட்டேன். போய் மண்வெட்டியைப் பொறுக்கித் தோளில் வைத்தார். இந்த மனிதருக்கு நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் சைக்கிள் ரியூப்தான் இருக்கிறது.

ஜனவரி 10, வெள்ளி

காணியில் பாதிகூட முடியவில்லை. இடுப்பு நிமிர மாட்டேன் என்கிறது. இடியப்பம் அவிக்கவில்லை. கடைக்காரர் வேறு ஆளைப் பார்க்கப் போகிறாராம்.

ஜனவரி 11, சனி

எழுத வேண்டும். எழுதாவிட்டால் வாய் திறந்து கத்திவிடுவேன், துளசிகா பக்கத்து அறையில் படிக்கிறாள்.

மத்தியானம் மெசின் கூவியது. நான் களைத்துப்போய் நின்றதால் இவர் கிண்டினார். வந்தது பால்மாப் பை. துண்டு இல்லை, முழுப் பை, மடித்தது மடித்தபடி. மண்ணைத் தட்டினார். தட்டிவிட்டு எறிவார் என்று பார்த்தேன். எறியவில்லை. அந்தப் பையைக் கையில் வைத்துக்கொண்டு கிடங்குக்குப் பக்கத்தில் இருந்துவிட்டார்.

"தேடாதை சுகிர்தா. அவளின்ரை கழுத்திலை ஒண்டும் இல்லை. நான் கழட்டினனான்."

என்ன கழற்றினீர்கள் என்று கேட்டேன். எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

"பஞ்சாயுதம். வைக்கிற நேரம் கழட்டிப்போட்டன். சின்னவள் காய்ஞ்சு கிடந்தாள். உன்னட்டைப் பால் இல்லை. பின்னேரம் ஒருத்தனிட்டைக் குடுத்து ஒரு பால்மாப் பை வாங்கினன்."

அந்தப் பின்னேரம் எனக்கு நல்ல நினைவு. பையைக் கொண்டுவந்து தந்தார். ஏது என்று கேட்டேன். நிவாரணத்தில் கொடுத்தார்கள் என்றார். அந்த நாளில் நிவாரணம் கொடுக்க யார் இருந்தார்கள்? கஞ்சிக்கே வழியில்லை. நான் சுடுதண்ணீர் வைத்துக் கரைத்துப் பருக்கினேன். துளசிகா கண்ணைத் திறந்து குடித்தாள். இரண்டாம் தரம் ஏது என்று கேட்கவில்லை. பிறகும் இத்தனை வருசத்தில் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இன்றைக்கு என்னை ஒருவரும் கேட்க வேண்டாம்.

மெசினை மண்ணில் போட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். கழுத்தில் கை வைக்க வேண்டாம் என்று சொன்னேன். அது ஒன்றைத்தான் சொன்னேன்.

இனி எதை வைத்துத் தேடுவது?

ஜனவரி 12, ஞாயிறு

சோறு போட்டு வைத்தேன். அவரும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. கோழிகள் சாப்பிட்டன.

துளசிகாவுக்கு ஒன்றும் தெரியக் கூடாது.

ஜனவரி 13, திங்கள்

விடியப்புறம் எழும்பிப் பார்த்தேன், சைக்கிள் கடைக்குள் இருந்தார். கேட்காமல் இருக்க முடியவில்லை. வெறுங்கழுத்தோடு வெறுங்கையோடு பிள்ளையை விட்டுவிட்டு வந்தீர்களா என்று கேட்டேன். பேச வேண்டுமென்று கேட்கவில்லை, நோக வேண்டுமென்றுதான் கேட்டேன்.

தலையை ஆட்டினார். இல்லை என்றார். தன் சைக்கிளில் இருந்து மணியைக் கழற்றிப் பிள்ளையின் கையில் வைத்தாராம். பிள்ளை சைக்கிள் பாரில் குந்திப் போகும்போது வழி முழுக்க அந்த மணியை அடிப்பாள், ஊர்ச் சனம் அதைக் கேட்டே வழி விடும். பவுணை எடுத்த இடத்துக்கு ஏதாவது வைக்காமல் மண் போடக் கை வரவில்லையாம். பழைய காலத்து மணி, மூடி முழுப் பித்தளை.

பித்தளை.

கடைக்குள் கிடந்த இன்னொரு பழைய மணியை எடுத்து முற்றத்தில் புதைத்து மெசினைப் பிடித்தேன். எழுபதுக்கு மேல் வந்தது. கோது என்று நான் தாண்டித் தாண்டிப் போன அதே இலக்கம். ஒரு கிழமையாக அந்த இலக்கம் வந்தபோதெல்லாம் காதை மூடிக்கொண்டு நடந்திருக்கிறேன். எந்தச் சத்தம் அவள் என்று யாருக்குத் தெரியும்.

ஒரு வித்தியாசம் கண்டுபிடித்தோம். கோதுக்குச் சத்தம் வெட்டென்று வந்து நிற்கும். மணிக்குச் சத்தம் அகலமாக வருகிறது, எந்தப் பக்கத்தில் இருந்து ஆட்டினாலும் மாறாமல் நிற்கிறது. ஆழத்திலும் கேட்கிறது. இருவரும் குனிந்து நின்று அதைக் கேட்டோம். கேட்கும் மட்டும் நான் இவரோடு கோபமாக இருக்கிறேன் என்பதை மறந்துபோனேன்.

இன்று முழுக்கக் கோது. கூவாத அடி இல்லை. பின்னேரம் சாக்கைத் தூக்கினால் இரண்டு கையும் தேவைப்பட்டது. குலவீரசிங்கம் வந்து வேலியடியில் நின்று பார்த்தார். ஒரு நாள் தள்ளிப் போட ஏலாதா என்று கேட்டேன். பெக்கோ வேறு இடத்துக்கும் பேச்சாம். போய்விட்டார்.

ஜனவரி 14, செவ்வாய், தைப்பொங்கல்

ஊரெல்லாம் பொங்கல் பானை. நாங்கள் விடிய முதலே காணியில். ஸ்ரெலா அக்காவும் வந்தா. வேதக்காரிக்குப் பொங்கல் இல்லைத்தானே என்று சொல்லிக்கொண்டு தன் சின்ன மண்வாரி, தூரிகை எல்லாம் கொண்டுவந்தா.

காலையில் கோது. மத்தியானம் கோது, ஒரு தண்ணீர்க் குழாய்த் தலை, திரும்பக் கோது. வெயில் சாய்ந்துகொண்டு வந்தது. அடுத்த நாள் அந்த மண்ணில் பெக்கோ நிற்கப் போவது கண்ணுக்குள்ளேயே நின்றது. நான் அழுதுகொண்டுதான் மெசினை ஆட்டினேன். அழுதால் அசைவு கோணுகிறது, கோணினால் சத்தம் தப்புகிறது, அதற்காக அழுகையை நிறுத்தினேன். தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். தெரியாத சாமியையும் கூப்பிட்டேன்.

மேற்கு வேலியடியில் சத்தம் அகலமாக வந்தது. குறுக்கே ஆட்டினேன், அதே சத்தம். இவரைப் பார்த்தேன். மண்வெட்டியை எடுக்கப் போனவரை ஸ்ரெலா அக்கா மறித்தா. எங்கள் இரண்டு பேரையும் தள்ளி இருக்கச் சொன்னா. கண்ணிவெடி எடுக்கிறவர்கள் எடுப்பதுபோல, குப்புறப் படுத்து, கரையில் இருந்து மண்ணைச் சுரண்டிச் சுரண்டிப் போனா.

முதலில் துணி. நைலெக்ஸ் சேலை உக்கவில்லை. நீலத்தில் வெள்ளைப் பூ. நான்தான் சுற்றிக் கொடுத்தேன். பிறகு மணி, பச்சை பிடித்து. மணியைச் சுற்றிச் சின்ன விரல் எலும்புகள்.

இவர் அப்போதுதான் அழுதார். இத்தனை வருசத்தில் இவர் அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் போய் நின்றேன். வேறொன்றும் செய்யவில்லை.

எல்லாவற்றையும் ஸ்ரெலா அக்கா கொண்டுவந்த மரப்பெட்டியில் வெள்ளைத் துணி விரித்து வைத்தோம். அந்த நேரம் துளசிகா வந்தாள். வீட்டில் தனியாகப் பொங்கி, தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு சைக்கிளில் வந்திருக்கிறாள். பெட்டியைப் பார்த்தாள். பொங்கலைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் தலைமாட்டில் கனநேரம் இருந்தாள். பிறகு எழும்பினாள்.

"சங்கிலி எங்கை?"

பிள்ளை எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே முடிவெடுத்தாள். மண்ணோடு போயிருக்கும், நான் தேடுறன் என்று மெசினை எடுத்தாள். இலக்கத்தைப் பவுணுக்கு மாற்றினாள், காதில் வயரை மாட்டினாள், கிடங்குக்குள் இறங்கினாள். என்னைவிட நன்றாக ஆட்டினாள். அடி மண்ணை விரலால் பிசைந்து பார்த்தாள். வெட்டிப்போட்ட மண்ணைக் கையால் அள்ளி அள்ளி மெசினுக்கு முன்னால் பிடித்தாள். வரச் சொல்லியிருந்த ஓட்டோக்காரர் வந்து கோர்ன் அடித்தார். இருட்டாகிறது, வா பிள்ளை என்று ஸ்ரெலா அக்கா கூப்பிட்டா.

"அக்கான்ரை சங்கிலி இல்லாமல் நான் வரமாட்டன்."

இவர் ஓரடி முன்னால் போனார். சொல்லத்தான் போகிறார் என்று தெரிந்தது. அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. நான் கிடங்குக்குள் இறங்கி, பிள்ளையின் காதில் இருந்து வயரைக் கழற்றினேன்.

"தேடாதை அம்மா. அது இஞ்சை இல்லை. நீ பாலுக்கு அழுத நேரம் அதை வித்துப்போட்டம். பால்மாவா வந்து உன்ரை வயித்துக்குள்ளை போயிட்டுது."

"ஆர் கழட்டினது?"

"நாங்கள்தான். அப்பாவும் நானும்."

இவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை, மெசினின் பொத்தானைத் தேடி நிப்பாட்டினேன்.

துளசிகா தன் கையைப் பார்த்தாள், மண்ணைத் தட்டினாள். ஏறிப் போய் மரப்பெட்டியைத் தூக்கினாள். ஓட்டோவில் ஏறி மடியில் வைத்துக்கொண்டாள். பாரமாக இருக்கும், இஞ்சை தா என்று கையை நீட்டினேன்.

"நான் வைச்சிருக்கிறன்" என்றாள். வீடு வரும் வரைக்கும் ஒருவரிடமும் கொடுக்கவில்லை.